பாட்டிலைக் கழுவாதீர்கள்

குடிநீர்ப் பரிசோதனை பெரும்பாலும் தப்பாகப் போவது ஆய்வகத்தில் அல்ல, குழாயடியில்தான். கிருமிச் சோதனைக்குத் தரும் பாட்டிலின் அடியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் இருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து, நல்லெண்ணத்தோடு அலசிவிட்டு நீர் பிடிப்பார்கள். மாதிரி அங்கேயே கெட்டுவிடுகிறது. நீரில் மிச்சமுள்ள குளோரினை முறிக்க ஆளில்லாமல், அது வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றபடியே வரும். குழாய் நீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி கிருமி இருந்தாலும் அறிக்கை ‘இல்லை’ என்று சொல்லும். 100 மி.லி. நீரில் ஒரு ஈ.கோலிகூடத் தென்படக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கறாரான வரம்பை ஒரே ஒரு அலசல் வீணாக்கிவிடும்.

குழாய் வாயில் மாட்டியிருக்கும் வலை, ரப்பர் குழாய் எல்லாவற்றையும் முதலில் கழற்ற வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்டு, உலோகக் குழாய் என்றால் வாயைத் தீயில் வாட்டலாம். பிளாஸ்டிக் என்றால் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். மறுபடி சிறிது ஓடவிட்டு மெல்லிய தாரையில் பிடிக்க வேண்டும். மூடியைக் கீழே வைக்காமல், உட்புறம் தரையைப் பார்த்தபடி கையிலேயே பிடித்திருக்க வேண்டும். பாட்டிலில் ஓர் அங்குலம் காலியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆய்வகத்தில் குலுக்கிக் கலக்க முடியாது. பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து, முடிந்தால் 6 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். 24 மணி நேரம் கடைசி எல்லை.

வீட்டுக் குழாய்களிலிருந்து ஈயம் கரைகிறதா என்று பார்க்க இந்த முறை உதவாது. இரவு முழுக்கத் தேங்கிய நீரின் முதல் லிட்டர்தான் தேவை. ஓடவிட்டால் தேடிய ஈயமே போய்விடும்.

குளோரினை அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். வீட்டுக் குழாயில் குறைந்தது 0.2 மி.கி./லி. இருக்க வேண்டும். குளோரின் இருந்தால் நிறம் காட்டும் டிபிடி மாத்திரையை நீரில் போட்டதும் வரும் இளஞ்சிவப்பை ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிடுங்கள்; தாமதித்தால், குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து உண்டாகும் குளோராமினும் நிறம் காட்டத் தொடங்கும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறமே வெளுத்து, குளோரினே இல்லாததுபோலத் தோன்றும். சந்தேகம் வந்தால், குளோரின் இல்லாத நீரால் பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். இந்தப் போலிப் பூஜ்யத்தை நம்பி இன்னும் குளோரின் கொட்டுவதுதான் ஆபத்து.

அறிக்கை கைக்கு வந்ததும் நைட்ரேட் வரியை நிதானமாகப் படியுங்கள். நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 50 மி.கி./லி.; அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் கணக்கிட்டால் 11. வெறுமனே ‘20’ என்று போட்டிருந்தால் அது பாதுகாப்பான நீராகவும் இருக்கலாம், வரம்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாண்டியதாகவும் இருக்கலாம். புட்டிப்பால் கரைக்க அந்த நீரை எடுக்கும் முன், எந்தக் கணக்கு என்று ஆய்வகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.