அண்ணாவின் 24 எழுத்துகள்

2024 நவம்பர் 9, சனி

மழை. வெள்ளவத்தை வீட்டின் மேல் அலுமாரியில் அண்ணாவின் கணிதக் கொப்பி அகப்பட்டது. கடைசிப் பக்கத்தில், ஆறு ஆறாக நான்கு வரிசைகளில் 24 ஆங்கில எழுத்துகளும் இலக்கங்களும். நாங்கள் சின்ன வயதில் ஆடிய கிட் இகாரஸ் என்ற நின்டெண்டோ வீடியோ விளையாட்டை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான கடவுச்சொல் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. 1986 டிசம்பரில் யப்பானில் இந்த விளையாட்டு வட்டில் வந்தபோது, விட்ட இடத்தை வட்டே நினைவில் வைத்துக்கொண்டது. வெளிநாடுகளில் விற்ற, பெட்டியில் செருகும் காட்ரிட்ஜில் அந்த வசதி இல்லாததால்தான் அண்ணா இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

மகனின் நின்டெண்டோ சுவிட்சில் அந்த விளையாட்டு இருக்கிறது. எல்லாம் நிறத்தில் இருப்பது எனக்கு அந்நியமாகப் பட்டது. அன்று சித்தப்பா கனடாவிலிருந்து கொண்டுவந்த விளையாட்டுப் பெட்டிக்குத் தனி மின்மாற்றி வேண்டியிருந்தது. அது அனுப்பிய என்.டி.எஸ்.சி. என்ற வட அமெரிக்க ஒளிபரப்பு முறைப் படத்தை எங்கள் தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாகவே காட்டியது. இன்று முதல் கட்டத்திலேயே ஏழு முறை செத்தேன். மேலே ஏற ஏறத் திரையும் மேலே நகர்கிறது. சற்று முன் நின்ற படி திரைக்குக் கீழே போய்விட்டால், அங்கே விழுவது மரணம். பின்னோக்கிச் சுற்றி விழுந்ததை விழாததாக்கலாம் என்று மகன் காட்டினான். எரிந்து விழுந்தேன், பாவம் பிள்ளை.

நவம்பர் 11, திங்கள்

அண்ணி பேசினார். அண்ணா பேசவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

கிரேக்கக் கதையில் பெர்சியஸ் வெட்டிய மெடூசாவின் கழுத்திலிருந்துதான் பெகசஸ் என்ற பறக்கும் குதிரை பிறந்தது. இந்த விளையாட்டிலோ பெகசஸின் சிறகுகளை அணிந்துகொண்டு நாயகன் பிட் மெடூசாவைக் கொல்லப் போகிறான். தாயைக் கொல்ல மகனின் சிறகு! எந்தப் புராணத்திலும் இல்லாதவன் கத்தரிக்காய் மந்திரவாதி. அவன் எறிவது பட்டால் பிட் கால் முளைத்த கத்தரிக்காயாகிவிடுவான். வில் எய்ய முடியாது. கோட்டைக்குள் இருக்கும் வைத்தியசாலையைத் தேடிப்போய்த் தாதியிடம் சேர்ந்தால்தான் பழைய உரு. இதைப் பார்த்து அண்ணாவும் நானும் வயிறு நோகச் சிரித்திருக்கிறோம். இன்று அந்த அறையைத் தேடி ஒரே நடைவழியில் நாற்பது நிமிடம் சுற்றினேன். மனைவி கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தாள். சாப்பிட முடியவில்லை.

நவம்பர் 13, புதன்

பின்னோக்கிச் சுற்றினேன். மகனுக்குச் சொல்லவில்லை.

நவம்பர் 14, வியாழன்

காலையிலேயே வாக்களித்துவிட்டு வந்தேன்; விரலில் மை. டொராண்டோவில் காலை ஏழு மணி, இங்கே மாலை 5.30, அண்ணாவைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். கொப்பியை மடியில் வைத்துக் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக இட்டேன். ஏற்கவில்லை. 17ஆவது எழுத்து ஒரு நேர்கோடு மட்டுமே: இலக்கம் ஒன்றா, ஆங்கிலப் பெரிய ‘ஐ’ எழுத்தா, சின்ன ‘எல்’ எழுத்தா? அண்ணாவின் கையெழுத்து அன்றும் இப்படித்தான். ஆசிரியரிடம் அடி வாங்கியும் திருந்தவில்லை. சின்ன எல் என்று மாற்றியதும் திறந்தது. மூன்றாம் உலகத்தின் கோட்டை. இடைநிறுத்திப் பார்த்தேன்: அவன் சேர்த்த இதயங்கள் 412, விழுந்தால் தூக்கிவிடும் இறகு ஒன்று.

9.15. தொலைபேசி அடிக்கவில்லை. விளையாட்டை இடைநிறுத்தியபடியே வைத்திருக்கிறேன்.