ஃபில்லர் நாட்குறிப்பு: சேலம், மே – ஜூன் 2025

மே 5, திங்கள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. வைகாசி முகூர்த்தங்களும் நெருங்குவதால், முகச் சுருக்கத்துக்கு ஃபில்லர் ஊசி (தோலடியில் ஜெல் வைத்து நிரப்புவது) போடலாமா என்று எங்களிடம் கேட்டு வருபவர்கள் கூடும் காலம் இது.

முதலில் எந்த வகைச் சுருக்கம் என்று பார்க்க வேண்டும். முகத்தைத் தளர்த்தி, சிரிக்காமல் கண்ணாடியைப் பாருங்கள். மூக்கின் ஓரத்திலிருந்து வாய்க்கோடி வரை இறங்கும் மடிப்பு அப்போதும் தெரிந்தால் அது ஃபில்லருக்கு உரியது. புருவத்தை நெரிக்கும்போது மட்டும் எழும் கோடு தசை இழுப்பதால் வருவது. அதற்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் (போடாக்ஸ்) ஊசிதான் சரி. மூன்றாவது வகை, வெயிலில் தோலே மெலிந்து கசங்கிப் போன சுருக்கம். ஏற்காடு எஸ்டேட்களில் இதுதான் அதிகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடும். ஏற்காடோ 1,500 மீட்டர் உயரம். குளிராக இருப்பதால் யாரும் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. இந்தச் சுருக்கத்துக்கு ஃபில்லரால் பெரிய பலன் இல்லை. தினசரி சன்ஸ்கிரீனும், மருத்துவர் சொல்லி இரவில் பூசும் ட்ரெட்டினாயின் களிம்பும்தான் வேலை செய்யும்.

மே 9, வெள்ளி

பலன் உண்டா என்றால், உண்டு. 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 138 பேருக்கு மூக்கோர மடிப்பின் ஒரு பக்கம் ஹயலுரானிக் அமிலமும் (நீரை இழுக்கும் ஜெல், இன்று பரவலாகப் புழங்கும் ஃபில்லர்) மறுபக்கம் மாட்டுக் கொலாஜன் என்னும் புரதமும் போட்டார்கள். ஆறு மாதம் கழித்து மதிப்பெண் போட்டபோது, 56.9 விழுக்காட்டினருக்கு ஹயலுரானிக் அமிலம் போட்ட பக்கமும், 9.5 விழுக்காட்டினருக்குக் கொலாஜன் பக்கமும் மேலாக இருந்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ரெஸ்டிலேன் என்னும் ஹயலுரானிக் ஃபில்லருக்கு அனுமதி தந்தது. அதன் பிறகு கொலாஜன் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது.

ஆனால் ஹயலுரானிக் ஃபில்லர் நிரந்தரமல்ல. பொருளையும் இடத்தையும் பொறுத்து 6 முதல் 18 மாதம் வரை நிற்கும். அசைவு அதிகமுள்ள உதட்டில் சீக்கிரம் கரையும். கண்ணுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இரண்டு ஆண்டு கடந்தும் ஜெல் இருப்பது எம்.ஆர்.ஐ. படங்களில் தெரிந்திருக்கிறது. அதனால் அங்கே வருடம் ஒன்று ஆகிவிட்டது என்பதற்காக மறுபடி போடக் கூடாது. முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மி.லி., அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே சிரிஞ்சில் முகம் முழுதும் மாறிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதைக் காட்டினாலே புரிந்துவிடும். மூக்கோர மடிப்பு இரண்டுக்கும் சேர்த்து 1 முதல் 2 மி.லி. வரை தேவைப்படலாம். கண்ணுக்குக் கீழே ஒரு பக்கத்துக்கு அரை மி.லி.க்கு மேல் போடாதிருப்பது நல்லது. அங்கே ஆழமில்லாமல் போட்டுவிட்டால் தோலடியில் நீலச் சாயல் தெரியும். ஜெல் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம்.

வயதாக ஆகக் கன்னத்துக் கொழுப்பும் அடியிலுள்ள எலும்பும் குறைகின்றன. மேலே தாங்கல் போனதால்தான் கீழே மடிப்பு விழுகிறது. எனவே பல முகங்களில் மடிப்பையே நிரப்புவதைவிட, கன்னத்து எலும்பின் மேல் கெட்டியான ஜெல்லைக் கொஞ்சம் வைப்பது நன்றாக அமையும். மடிப்பிலேயே திணித்தால் சிரிக்கும்போது மேல் உதட்டின் ஓரம் உப்பித் தெரியும்.

முகூர்த்தத்துக்கு முன்பு குறைந்தது நான்கு வாரம் இடைவெளி வேண்டும். ஜெல் நீரை இழுத்து உப்பும், ஊசி பட்ட இடம் கன்றிப்போகும். உண்மையான வடிவம் தெரிய இரண்டு வாரம் ஆகும். திருத்தம் தேவைப்பட்டால் அதற்கும் நாள் வேண்டும். அடுத்த வாரம் கல்யாணம் என்று வருபவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதே முறை.

மே 16, வெள்ளி

இந்த வெயிலில் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று. பரவலாகப் புழங்கும் ஹயலுரானிக் ஃபில்லர்களை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. உறையவும் விடக் கூடாது. சேலத்து மே மாதத்தில் கூரியர் வண்டியில் அரை நாள் கிடந்த பெட்டியை நம்ப முடியாது. குளிர்ப் பெட்டியில் வந்ததா என்று கேளுங்கள். பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதியாளர் பெயர், உரிம எண், லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதி நாள் எல்லாம் இருக்க வேண்டும். பாதி தீர்ந்த சிரிஞ்சை அடுத்த முறைக்கென்று எடுத்து வைப்பதும், ஒரே சிரிஞ்சை அக்காவும் தங்கையும் பங்கிட்டுக் கொள்வதும் கூடவே கூடாது. கிருமி மட்டுமல்ல, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. வரை பரவும் வழி அது.

மே 20, செவ்வாய்

எங்கள் கவலையெல்லாம் இங்கேதான். ஜெல் ரத்தக்குழாய்க்குள் போய்விடுவது அரிது. போனால் தோல் அழுகலாம், பார்வை போகலாம். பொட்டு வைக்கும் இடம், மூக்கு, நெற்றி, மூக்கோர மடிப்பின் மேல்முனை ஆகியவை ஆபத்தான இடங்கள். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்தவை. அழுத்தத்தோடு தள்ளினால் ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கிப் போய், பிறகு விழித்திரைக்குள் பாயும்.

தடுக்கும் முறைகள் எளியவை. ஓரிடத்தில் 0.1 மி.லி.க்கு மேல் போடாமல், மெதுவாக, முனையை நகர்த்திக்கொண்டே தள்ள வேண்டும். பொருத்தமான இடங்களில் கூர் ஊசிக்குப் பதில் 25 கேஜோ அதைவிடத் தடித்ததோ ஆன மழுங்கு முனைக் கேனுலா (மெல்லிய குழல்) நல்லது. துளைகளும் குறையும், நம் மாநிறத் தோலில் பின்னால் வரும் கறுப்புத் தழும்பும் குறையும். பிஸ்டனைப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் கெட்டி ஜெல்லில் ரத்தம் ஏறாமலே போகலாம். அதை மட்டும் நம்பக் கூடாது.

அடைப்பு நேர்ந்தால் முதலில் தோல் வெளுக்கும், பிறகு வலை போட்டாற்போல் ஊதாத் திட்டுகள் பரவும். மாநிறத்தில் வெளுப்பு பிடிபடாது. விரலால் அழுத்தி விட்டுப் பாருங்கள். நிறம் 2 நொடியில் திரும்ப வேண்டும். மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள், உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். ஜெல்லிலேயே மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் கலந்திருப்பதால் முதலில் வலி தெரியாமல் இருக்கலாம். வலியில்லை என்று ஆறுதலடைய வேண்டாம்.

மே 27, செவ்வாய்

ஹயலுரானிடேஸ் என்னும் நொதி ஹயலுரானிக் அமிலத்தைக் கரைக்கும். அது அறையில் இல்லாத இடத்தில் ஊசிக்கு உட்காராதீர்கள். குப்பி தயாராக இருக்கிறதா என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், விலை பிறகு. 1,500 யூனிட் பொடிக் குப்பியை 3 மி.லி. சலைனில் கரைத்தால் மி.லி.க்கு 500 யூனிட். அடைப்பு நேர்ந்தால் உதட்டளவு பரப்புக்கு 500 யூனிட், இரண்டு பகுதி என்றால் 1,000, மூன்று என்றால் 1,500. பாதிக்கப்பட்ட பரப்பு முழுதும் நிறையப் போட்டு, பிசைந்து, மணிக்கொருமுறை நிறம் திரும்பும்வரை மறுபடி போடுவது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறை. குளிர்ந்த ஒத்தடம் கூடாது, இளஞ்சூடு கொடுக்கலாம்.

வேறு வகை ஃபில்லர்களான கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட்டையோ பாலிலாக்டிக் அமிலத்தையோ இந்த நொதி கரைக்காது. திரவ சிலிகோனும் பி.எம்.எம்.ஏ. என்னும் பிளாஸ்டிக் துகளும் நிரந்தரம், கட்டி விழுந்தால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் முறை போடுபவருக்குத் திரும்பக் கரைக்கக்கூடிய பொருளைத் தவிர வேறெதுவும் நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டியது தேனீ பற்றி. மலைத்தேனீயோ குளவியோ கொட்டி உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா? அந்த நஞ்சிலும் ஹயலுரானிடேஸ் உண்டு. அவர்களுக்கு இந்த மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பலாம். அவசரமில்லாதபோது தோலுக்குள் 4 முதல் 8 யூனிட் போட்டு அரை மணி பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். அடைப்பு நேர்ந்த அவசரத்தில் சோதனைக்கு நேரமில்லை. கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலினைக் கையில் வைத்துக்கொண்டு போட வேண்டியதுதான்.

மே 30, வெள்ளி

ஊசி போட்டதும் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். ஏற்காட்டுக்காரர்கள் அன்றே மலை ஏறாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள், மேலே போய்ச் சேரவே ஒரு மணி நேரம். தோல் நிறம் மாறுவது அங்கே போய்த்தான் தெரிந்தால் இறங்கி வர இன்னொரு மணி நேரம். இரண்டு நாள் கீழேயே தங்குவது பாதுகாப்பு. பார்வை மங்கினால் அது பெரும்பாலும் ஊசி போட்ட நாற்காலியிலேயே தெரிந்துவிடும். விழித்திரை ரத்தமின்றித் தாங்கும் நேரம் 60 முதல் 90 நிமிடம் என்பார்கள். அதைவிடக் குறைவு என்போரும் உண்டு. உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். முகத்தில் சீழ்ப்பரு இருந்தால் ஆறட்டும். பல் வேலை இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் விடுங்கள். உதட்டில் அக்கி வந்தவர் முன்கூட்டியே சொன்னால் வைரஸ் மருந்து தருவார்கள். ஆஸ்பிரின் போன்றவற்றால் கன்றல் கூடும். ஆனால் இதய நோய்க்குச் சாப்பிடுகிற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.

ஜூன் 3, செவ்வாய்

ஊசியில்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் ‘ஹயலுரான் பேனா’ பார்லர்களில் புழங்குகிறது. எஃப்.டி.ஏ. 2021-இலேயே இதற்கு எதிராக எச்சரித்தது. ஆழமும் அளவும் கட்டுப்பாட்டில் இல்லை. வேண்டாம்.

வாரங்கள், மாதங்கள் கழித்தும் கட்டி வரலாம். சிவந்து, சூடாக, வலியோடு இருந்தால் ஜெல்லைச் சுற்றிக் கிருமி படிந்திருக்கலாம். பிசையக் கூடாது, உடனே காட்டுங்கள். எந்த ஜெல், எந்த லாட் என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். சிரிஞ்சுப் பெட்டியிலுள்ள ஒட்டுச்சீட்டை உங்கள் கோப்பிலும், ஒரு படம் எடுத்து உங்கள் செல்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.