தலையில் பூ வைக்க முடியாத வேலை

மல்லிகைப்பூவிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: தலையில் பூ கூடாது, பவுடர் கூடாது, சென்ட் கூடாது, வாசனைத் தேங்காயெண்ணெய்கூட வேண்டாம். வெங்காயம், பூண்டு தூக்கலாக இருக்கும் சாப்பாட்டை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சாம்பிளை முகர்ந்து பார்ப்பவளிடம் சொந்த வாசனை எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு மட்டும் ஆறவே இல்லை. "ஊர்ப் பூவையெல்லாம் டன் கணக்குல வாங்குறானுங்க, எம்பொண்ணு தலையில ஒரு முழம் பூ இல்ல" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வேலை பழக்கிய மூத்தவர் ஓய்வு பெற்ற அன்று ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். பாட்ரிக் ஸூஸ்கின்ட் 1985இல் ஜெர்மனில் எழுதிய நாவல், 'பெர்ஃப்யூம்'. "கொலைக் கதைம்மா, பயப்படாதே. நடுவுல ஒரு நூறு பக்கம் நம்ம ஷிப்ட்தான்" என்றார்.

அதை நைட் ஷிப்டில்தான் படித்தேன். குண்டுமல்லி எங்களிடம் மொட்டாகத்தான் வந்து சேரும். மொட்டில் வாசனை கிடையாது, இரவில் அது விரிந்தால்தான் உண்டு. வந்த மூட்டைகளைப் பிரித்துத் தரையில் மெல்லிய படுகையாகப் பரப்பி, சூடேறாமல் அவ்வப்போது கிளறிவிட்டுக் காத்திருப்போம். ஒன்பது மணிவாக்கில் கூடம் முழுக்க வெள்ளையாகிவிடும். அதுவரை எனக்குப் பெரிய வேலை இருக்காது. பிரெஞ்சுப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸுக்குள் நுழைந்தேன்.

கதை தொடங்குவது 1738 ஜூலையில், ஒரு மீன் கடையில். மீன் செதில் சுரண்டிக்கொண்டிருக்கும் பெண் அந்த மேசைக்கு அடியிலேயே குழந்தையைப் பெற்றுப் போடுகிறாள். அது சாகும் என்று நினைத்து விட்டுவிடுகிறாள். குழந்தை கத்திவிடுகிறது, கொலைக் குற்றத்துக்கு அவள் தலையை வெட்டிவிடுகிறார்கள். அந்தக் குழந்தைதான் கிரெனூய். உலகத்தில் உள்ள எல்லா வாசனையும் அவனுக்குத் தெரியும், அவன் உடம்பில் மட்டும் எந்த வாசனையும் இல்லை. மீன் கடை இருந்த இடத்தை ஆசிரியர் கற்பனை செய்யவில்லை. கடையை ஒட்டியிருந்த 'இன்னசன்ட்ஸ்' என்ற இடுகாடு பல நூற்றாண்டுகளாகப் பாரிஸின் பிணங்களை வாங்கிக்கொண்ட நிஜ இடம். நாற்றம் தாங்க முடியாமல் 1780இல் அதை மூடினார்கள். பிறகு எலும்புகளைத் தோண்டி வண்டி வண்டியாக நிலத்தடிச் சுரங்கங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் அத்தியாயத்தின் நாற்றத்தைத் தாங்காமல் புத்தகத்தை மூடியவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அது வீட்டுச் சமாச்சாரம் போல இருந்தது. எங்கள் தொழிற்சாலைக்கும் ஒரு பின்பக்கம் உண்டு. விருந்தினர் வந்தால் பூப் பரப்பிய கூடத்தைக் காட்டுவோம், போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பின்பக்கம், சாறு எடுத்தபின் தள்ளிய பூச்சக்கை மலைபோல் குவிந்திருக்கும். ஆவியில் வெந்து பழுப்பேறி, மழைக்காலத்தில் புளித்த கழனித்தண்ணீர் வாடை அடிக்கும். அந்தப் பக்கம் யாரையும் கூட்டிப்போக மாட்டோம். கிரெனூய் முதலில் வேலைக்குச் சேர்வது தோல் பதனிடுபவனிடம். பிரான்ஸில் வாசனை நகரமாகப் பேர் வாங்கிய கிராஸ் ஊரும் முதலில் தோல் பதனிட்ட ஊர்தான். தோல் கையுறையின் வாடையை மறைக்க அதற்கு வாசனை ஏற்றப் போய், கடைசியில் தோல் பின்னுக்குப் போய் வாசனை நின்றுவிட்டது. அந்த ஊரின் வாசனைத் தொழில் திறன்களை யுனெஸ்கோ 2018இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டு மல்லிகைச் சாறு பிரெஞ்சு வாசனைக் கம்பெனிகளுக்கும் போகிறது என்பதால், கிராஸ் என்ற பெயர் எங்கள் ஆபீசில் திண்டுக்கல் மாதிரி சர்வசாதாரணமாகப் புழங்கும்.

மூத்தவர் சொன்ன நூறு பக்கம் அப்புறம் வந்தது. பாரிஸில் பால்தினி என்ற வாசனை வியாபாரியிடம் சேரும் கிரெனூய் வாலையில் வடிக்கக் கற்றுக்கொள்கிறான். பூவை வடித்தால் வாசனை வருகிறதே, கண்ணாடியை வடித்தால் கண்ணாடி வாசனை வராதா என்று அதையும் போட்டுக் காய்ச்சுகிறான். ஒன்றும் வரவில்லை. அந்த ஏமாற்றத்தில் படுத்த படுக்கையாகி, சாகும் நிலைக்குப் போய்விடுகிறான். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூத்தவரிடம், "மல்லியை ரோஜா மாதிரி ஆவியில வடிச்சா என்ன சார்?" என்று கேட்டிருக்கிறேன். ஒரு கிலோ பூவைக் கொடுத்து, "வடிச்சுப் பாரு" என்றார். வந்தது வேகவைத்த கீரைத் தண்ணீர்.

வேறு வழிகள் இருக்கின்றன, கிராஸுக்குப் போ என்று பால்தினி சொன்னதும் கிரெனூய் பிழைத்து எழுகிறான். அந்த வழிகளில் ஒன்று கொழுப்பு. மரச்சட்டமிட்ட கண்ணாடித் தட்டில் சுத்தம் செய்த பன்றி, மாட்டுக் கொழுப்பைத் தடவி அதன்மேல் மல்லிகையை ஒவ்வொன்றாக வைப்பார்கள். மறுநாள் பழைய பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ. இப்படியே வாரக்கணக்கில். பறித்த பிறகும் மல்லிகை மணிக்கணக்கில் வாசனையை உண்டாக்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், ரோஜா அப்படியில்லை. அதனால்தான் ரோஜாவுக்குச் சூடான கொழுப்பு, மல்லிகைக்குக் குளிர்ந்த கொழுப்பு. வாசனை நிறைந்த கொழுப்பை ஆல்கஹாலில் கழுவினால் வாசனை ஆல்கஹாலுக்கு மாறிவிடும். நாவலில் இதை எழுதியிருக்கும் விதத்தில் ஒரு பிசகும் இல்லை.

இன்று அநேகமாக யாரும் கொழுப்பு தடவிக்கொண்டு உட்காருவதில்லை. எக்ஸ்ட்ராக்டரில் துளைத்தட்டு அடுக்கி, பூவை நிரப்பி, ஹெக்சேன் என்ற கரைப்பான் விட்டு இரண்டு மூன்று முறை அலசி, ஹெக்சேனை ஆவியாக்கி எடுத்தால் மெழுகுபோல் ஒன்று நிற்கும், தொழிலில் அதற்குப் பேர் கான்க்ரீட். அதை ஆல்கஹாலில் கரைத்துக் குளிரவைத்து மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் ஆவியாக்கினால் மிஞ்சும் சுத்தச் சாறுதான் அப்சொலூட். ஒரு கிலோ ஜாதிமல்லிக்கு எட்டாயிரம், பத்தாயிரம் பூ நிற்கும். ஒரு டன் பூவுக்கு ஏறக்குறைய 3 கிலோ கான்க்ரீட், அதில் பாதியளவு அப்சொலூட். அதாவது ஒரு கோடிப் பூவை ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் அடக்கிவிடலாம். விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு அந்தப் பூவைப் பறிக்கும் பெண்களில் அப்சொலூட்டை முகர்ந்து பார்த்தவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. ஒருமுறை பூக்கொண்டு வந்த அக்கா ஒருத்தியிடம் காகிதப் பட்டையில் ஒரு சொட்டுத் தொட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்து, "இது மல்லி இல்ல கண்ணு, மருந்து" என்றார்.

படித்த வேகத்தில் எனக்கும் ஆசை வந்தது. ஷிப்ட் சூப்பர்வைசர் அண்ணனும் நானுமாக ஒரு கண்ணாடித் தட்டில் டால்டாவைத் தடவி, ஏசி அறையில் வைத்து, தினமும் ஒரு கைப்பிடிப் பூவைக் குப்புற அடுக்கினோம். நான்காம் நாளே பூசணம். பனி ஈரத்தோடு இருந்த பூவைத் துடைக்காமல் வைத்தது என் தப்பு. இரண்டாவது முறை பூவை விசிறியில் உலர்த்தி வைத்தோம். ஒவ்வொரு பழைய பூவாக இடுக்கியால் எடுக்கும்போது டால்டாவில் இதழ்த் தடம் அச்சாகப் பதிந்திருக்கும். பன்னிரண்டாம் நாள் விரலில் கொஞ்சம் தொட்டுப் பார்த்தோம். ஹெக்சேனில் எடுத்த சாறு எங்கள் மூக்குக்குப் பழகியது. இது வேறு. கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தலை திருப்பும்போது வருமே, அந்த வாசம். அண்ணன் விரலைத் துடைக்காமலே டீ குடிக்கப் போனார்.

அதற்கடுத்த பக்கங்களைத்தான் என்னால் படிக்க முடியவில்லை. கொழுப்பும் துணியும் பொறுமையும் அப்படியே இருக்கின்றன, பூ இருந்த இடத்தில் பெண்கள். பின்மண்டையில் ஓர் அடி, முடியைக் கத்தரித்து, கொழுப்பு தடவிய துணியில் சுற்றி, காத்திருக்கிறான். மொத்தம் இருபத்தைந்து பேர். நான்கு நாள் புத்தகத்தைத் தொடவில்லை. ரத்தம் அதிகமில்லாத எழுத்து அது. செய்முறை சரியாக இருந்ததுதான் என்னைத் தொந்தரவு செய்தது. வேலையைச் சுத்தமாகச் செய்பவன் என்ற மரியாதையை அவனுக்கு எனக்குத் தெரியாமலே கொடுத்துவிட்டிருந்தேன். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் கதையில் வாயே திறப்பதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கடைசியில் ஊரே அவன் வாசனைக்கு மயங்கி விழும் காட்சி எனக்கு ஒட்டவில்லை, கொஞ்சம் சர்க்கஸ். மான்ட்பெலியே என்ற ஊரில் அவன் தனக்கென்று ஒரு மனித வாசனை செய்துகொள்ளும் காட்சிதான் நாவலின் உச்சம் என்பேன். பூனைப் பீ, வினிகர், பழைய சீஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பூசிக்கொண்டு தெருவில் இறங்குகிறான். அதுவரை அவனைக் கண்டுகொள்ளாத ஜனங்கள் முதல்முறையாக அவனையும் ஓர் ஆளாகப் பார்க்கிறார்கள்.

பூனைப் பீ என்றதும் மூக்கைப் பொத்த வேண்டாம். மல்லிகையிலேயே இண்டோல் என்றொரு பொருள் இருக்கிறது. மலத்திலும் அது உண்டு. தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடை. அதை நீக்கினால் மல்லிகை சோப்பு வாசனையாகிவிடும்.

எனக்கு இது கொரோனாவில் நன்றாகப் புரிந்தது. இரண்டாம் அலையில் மூக்கு போய்விட்டது. நாவலில் கயார் என்றொரு அம்மாள் வருவாள், அப்பன் அடித்த அடியில் வாசனை உணர்வை இழந்தவள். அனாதைக் குழந்தைகளைக் கணக்குப் பிசகாமல், அன்பும் இல்லாமல் வெறுப்பும் இல்லாமல் வளர்ப்பவள். எனக்கும் கணக்குப் பிரிவில் உட்கார நாற்காலி கொடுத்தார்கள். மூக்கு திரும்பாவிட்டால் வேலை என்னாகும் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாமல் தினமும் காலையில் காபித்தூள் டப்பாவையும் பெருங்காய டப்பாவையும் திறந்து முகர்ந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது வாரம் பழைய சாம்பிள் பாட்டிலைத் திறந்தபோது ஏதோ தட்டுப்பட்டது. மல்லிகை இல்லை, பாச்சை உருண்டை. பூவின் இனிப்பெல்லாம் எங்கோ இருக்க, இண்டோல் மட்டும் முதலில் வந்து சேர்ந்திருந்தது. பாட்டிலை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மீதி வாசனை வர இன்னும் மூன்று மாதம் ஆயிற்று.

பழைய இருக்கைக்குத் திரும்பிய வாரம் ஒரு நைட் ஷிப்ட் முடிந்து ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். அன்று ஆவணி முகூர்த்தம், பூ விலை ஏறிக்கிடந்ததால் எங்களுக்கு வரத்து குறைவு, சீக்கிரம் முடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "பூ எங்க வாங்கின தாயி? வாசம் ஆளத் தூக்குதே" என்றார்.

துப்பட்டாவை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே இருந்த மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"பூ வைக்கல பாட்டி" என்றேன்.

அவர் நம்பவில்லை. எட்டி என் பின்னலை ஒருமுறை பார்த்தார். அப்புறம் முன் சீட்டுப் பெண்ணின் தலையை, அதற்கு முன் சீட்டை என்று வரிசையாகத் தேட ஆரம்பித்தார்.