பாரி சாண்டர்ஸை அண்ணனுக்குக் காட்டினேன்

நவி மும்பை ஐரோலியில் எனக்கு இரவு ஷிப்ட். அமெரிக்க மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கிற வேலை. ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு நியூயார்க்கில் மதியம் ஒரு மணி, அவர்களுடைய ஃபுட்பால் தொடங்குகிற நேரம் (குளிர்காலம் வந்தால் நமக்குப் பதினொன்றரை ஆகிவிடும்). டீம் லீடர் திரையின் ஒரு மூலையில் ஸ்கோரைத் திறந்து வைத்திருப்பார். முதல் வருஷம் முழுக்க, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிற கூட்டம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு நாள் பிரேக்கில் பாரி சாண்டர்ஸ் என்ற ரன்னிங் பேக்கின் பழைய ஓட்டங்களைப் பார்த்தேன். அட, இது ரெய்டு!

தாராவியில் கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்.

ரன்னிங் பேக் என்பவனின் வேலையைச் சொல்வது எளிது. ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் பந்தைக் கையில் திணிப்பான். வாங்கிக்கொண்டு எதிரே நிற்கும் பதினோரு பேரைத் தாண்டி ஓட வேண்டும். நான்கு முயற்சிக்குள் அணி பத்து கெஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். சாண்டர்ஸ் ஐந்தடி எட்டங்குலம்தான். கன்சாஸின் விச்சிட்டா ஊரில் கூரை வேலை செய்தவரின் மகன், வீட்டில் பதினோரு பிள்ளைகள். 1988இல் ஓக்லஹோமா ஸ்டேட் கல்லூரிக்காகப் பதினோரு ஆட்டங்களில் 2,628 கெஜம் ஓடி, கல்லூரி வீரர்களுக்கான பெரிய விருதான ஹைஸ்மனை வாங்கினார். மறுவருஷம் தொழில்முறை அணியான டெட்ராய்ட் லயன்ஸ். அங்கே பத்து சீசன், ஒன்றில்கூட ஆயிரம் கெஜத்துக்குக் கீழே இறங்கவில்லை. 1997இல் முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தமே 53 கெஜம். அடுத்த பதினான்கு ஆட்டங்களிலும் தலா நூறுக்கு மேல். சீசன் முடிந்தபோது 2,053.

எண்களை விடுங்கள். ஆளைப் பிடிக்கவே முடியாது. வலது காலை ஊன்றுவார், இடுப்பு வலது பக்கம் போகும், பிடிக்க வந்தவன் அந்தப் பக்கம் விழுவான், இவர் இடது பக்கம் நின்றுகொண்டிருப்பார். சில சமயம் வழி தேடிப் பின்னாலேயே ஓடி, நஷ்டத்தில் மாட்டிக்கொள்வதும் உண்டு. எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டால் குதிப்பதில்லை, பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு நடப்பார்.

அப்படிப்பட்டவர் 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் சமயத்தில், சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஆட்டத்தை விட்டே போய்விட்டார். வயது 31. காயம் எதுவும் இல்லை. பழைய ரன்னிங் பேக் வால்டர் பேட்டன் மொத்தமாக ஓடிய 16,726 கெஜம்தான் அன்றைய உச்சம். இவரிடம் 15,269. பாக்கி 1,457. முந்தைய சீசனில் மட்டும் 1,491 ஓடியிருந்தார். இன்னும் ஒரே ஒரு வருஷம்! அணி அந்தப் பத்து வருஷத்தில் சீசன் கடைசி நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. அந்தச் சலிப்பு புரிகிறது. ஆனாலும் ரசிகர்களுக்கு ஆறவில்லை. சாதனை போனதைவிட, சொல்லாமல் போனதுதான் உறுத்தியது என்று நினைக்கிறேன். எனக்கு அது தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒருவர் அப்படிப் போனார்.

அண்ணன் எங்கள் நகர் அணியின் முதல் ரெய்டர். மண் தரை, நான்கு ஃபோகஸ் லைட், தொண்ணூறு அடி ரோடு வரைக்கும் கேட்கிற மைக். அவன் பாடிப் போனால் கார்னரில் நிற்பவன் ஒரு அடி பின்னால் வைப்பான், நானே பார்த்திருக்கிறேன். இருபத்தேழு வயதில், ஒரு டோர்னமென்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஜெர்சியையும் ஷூவையும் துவைத்து மடித்துக் கிளப் அலமாரியில் வைத்துவிட்டு வந்தான். காரணம் சொல்லவில்லை. தெருவில் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பல வருஷம் அவனோடு சரியாகப் பேசவில்லை.

போன வாரம் ஆஃப். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவனிடம் போனை நீட்டினேன். இரண்டு ஓட்டம் பார்த்தான்.

“இடுப்பப் பாக்காதலே. ஊன்றுன காலப் பாரு.”

மூன்றாவதை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி பார்த்தான். “இவனுக்கு நடுக்கோட்டுக்குத் திரும்பி வர வேண்டாம்லா. சும்மா போயிக்கிட்டே இருக்கலாம்.” கொஞ்சம் பொறாமையாகவே சொன்னான்.

ஃபேக்ஸ் கதையைச் சொன்னேன். 1997இன் கடைசி ஆட்டத்தையும் சொன்னேன். இவர் இரண்டாயிரத்தைத் தாண்டிய அதே நாளில், அதே மைதானத்தில், சக வீரர் ரெஜி பிரவுன் கழுத்தில் அடிபட்டு மூச்சின்றிக் கிடந்தார். உயிர் பிழைத்தார், ஆட்டம் அன்றோடு முடிந்தது. அண்ணன் இட்லியை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். சரி, இதுதான் நேரம் என்று கேட்டேவிட்டேன், “நீ ஏன் விட்ட?”

“பணத்த என்ன செஞ்சான்? ஒப்பந்தம் இருந்திருக்கும்லா?”

போனஸில் 55 லட்சம் டாலரைத் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்ததைச் சொன்னேன்.

“நான் எல்லாத்தையும் குடுத்துட்டேன். முழங்கால் பட்டைய மட்டும் வச்சுக்கிட்டேன்.”

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மேலே, மாடி அறையில் அம்மா தூங்கி எழுந்துவிட்டாள். இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் இறங்கினாள். புடவைக்குக் கீழே, வலது முழங்காலில், வெளுத்துப்போன நீலத்தில் கிளப் பெயர் பாதி தெரிந்தது.