டிரெயின் போல்ட் வாஷர்: மாற்றலாமா, பழையதையே போடலாமா?

காருக்கு நானே ஆயில் மாற்றுகிறேன் என்று தெரிந்தால் எல்லோரும் கேட்பது எந்த ஆயில், எந்த ஃபில்டர் என்றுதான். வாஷரைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அந்த வேலையில் ஆகக் குறைந்த விலைப் பொருள் அதுதான், எனக்கு அதிக அக்கறையும் அதன் மேல்தான்.

பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டின் மரை ஆயிலை அடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மரை போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, அவ்வளவுதான். போல்ட் தலைக்கும் சம்புக்கும் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) நடுவில் நசுங்கி, இரு பக்கத்திலும் உள்ள சின்னச் சின்ன மேடுபள்ளங்களை நிரப்பி, ஆயிலை நிறுத்துவது வாஷர். அதற்காகத்தான் அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள்.

“பழசையே போட்டேன், ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை” என்பார்கள். உண்மைதான், பல தடவை ஒழுகாது. ஆனால் லேசாகக் கசிந்தால் கை சும்மா இருக்குமா? ஸ்பேனரை இன்னும் கொஞ்சம் இறுக்கும். அடுத்த ஆயில் மாற்றத்தில் இன்னும் கொஞ்சம். போல்ட் இரும்பு, சம்ப் பல கார்களில் அலுமினியம். கடைசியில் மரை அழிவது சம்பில். அப்புறம் புது மரை வெட்டி இன்சர்ட் (உள்ளே பொருத்தும் மாற்று மரை) போட வேண்டும், இல்லை சம்பையே மாற்ற வேண்டும். என் பயமெல்லாம் இதுதான்.

அலுமினிய வாஷரை நான் ஒரு தடவைக்கு மேல் போடுவதில்லை. ஃபைபர் வாஷரும் அப்படியே. உள்ளே வெற்றிடம் விட்டு மடித்துச் செய்த வாஷர் ஒரு முறை தட்டையாகிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ரப்பர் ஓரம் வைத்த இரும்பு வாஷர் சிலவற்றைத் திரும்பப் போடலாம், ரப்பரில் வெடிப்போ பள்ளமோ இல்லாவிட்டால்.

கெட்டியான செம்பு வாஷர் தனி ரகம். நசுங்க நசுங்கச் செம்பு இறுகிவிடும். மங்கலான சிவப்பு வரும்வரை தீயில் காட்டி ஆறவிட்டால் பழையபடி இளகிவிடும். தண்ணீரில் போட்டும் ஆற்றலாம், சில இரும்பைப் போல அது கடினமாகாது. மேலே படியும் கறுப்பை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, ஆழமான கோடு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. ஆனாலும் புது வாஷர் கையில் இருந்தால் அதைத்தான் போடுவேன்.

போல்ட்டைக் கழற்றியதும் பழைய வாஷர் கையோடு வந்ததா என்று பாருங்கள். பல நேரம் சம்பிலேயே ஒட்டிக்கொண்டு, அழுக்கேறி, சம்பின் பாகம் போலவே தெரியும். கவனிக்காமல் அதன் மேல் புதியதைப் போட்டால் இரண்டு வாஷர் ஆகிவிடும், கசிவுக்கு அதுவே வழி. போல்ட்டில் தனி வாஷரே இல்லாத கார்களும் உண்டு, ஒரே தடவைக்கான பிளாஸ்டிக் பிளக் வைத்தவையும் உண்டு. அதனால் முதலில் உங்கள் கார் மேனுவலைப் பாருங்கள்.

இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) இருந்தால் நல்லது. 14 மி.மீ. மரை கொண்ட போல்ட்டுக்குப் பல கார்களில் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் போதும், சரியான அளவு மேனுவலில் இருக்கும். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, போல்ட்டைச் சுற்றித் துடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஈரம் தெரிந்தால் இன்னும் இறுக்க ஸ்பேனரை எடுக்காதீர்கள். சுத்தமான பாத்திரத்தில் ஆயிலை வடித்து, வாஷரை மாற்றி, அதே ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம்.