காற்று அம்பு காட்டிக்கொடுத்த கோளாறு

நான் வீட்டிலேயே கட்டிய ஆர்வி-7ஏ என்ற சிறு விமானம் பறக்கத் தொடங்கிய பின் தந்த முதல் பெரிய தலைவலி ஆட்டோபைலட்டும் திசைகாட்டும் திரையும் சேர்ந்து தந்ததுதான். அமெரிக்காவில் வீட்டுத் தயாரிப்பு விமானங்களுக்குச் சோதனைக் காலம் என்று ஒன்று உண்டு. ஒன்றாகச் சேர்த்தே சான்று பெற்ற எஞ்சினும் புரொப்பெல்லரும் பொருத்தப்பட்டிருந்தால் 25 மணி நேரம் போதும். நான் எஞ்சினுக்குப் பற்றவைப்புப் பொறி தரும் மேக்னெட்டோக்களில் ஒரு பக்கத்ததைக் கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன் வைத்திருந்ததால் எனக்கு 40 மணி நேரம் விதித்தார்கள். கலிஃபோர்னியாவின் லிவர்மோரிலிருந்து கிழக்கே ஆல்டமான்ட் குன்றுகளைத் தாண்டி, மத்தியப் பள்ளத்தாக்கின் வயல்களுக்கு மேல் தனியாக அந்த மணி நேரங்களைக் கழித்துக்கொண்டிருந்தபோதுதான் கோளாறு தெரிய வந்தது.

ஆட்டோபைலட்டை ஹெடிங் நிலையில் வைத்தால், அதாவது விமானத்தின் மூக்கு இந்தத் திசையை நோக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், அது நேராகப் போகாமல் இடமும் வலமுமாக மெல்ல நெளிந்தது. உயரத்தைப் பிடித்து நிறுத்துவதில் குறை ஒன்றும் இல்லை. இறக்கைகள் மட்டும், தொட்டிலை ஆட்டுவதுபோல, ஓயாமல் சாய்ந்து நிமிர்ந்தன.

இறக்கை ஆடினால் எவருக்கும் முதலில் ஆட்டோபைலட்டின் கட்டளையை நிறைவேற்றும் செர்வோ மோட்டார் மேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது. செர்வோவின் கையிலிருந்து எய்லரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் பலகை) இணைப்பு வரை தளர்வு இருக்கிறதா என்று பார்த்தேன். இணைப்புத் தண்டுகளின் முனையிலுள்ள ராட் எண்டு பேரிங்குகளை மாற்றினேன். திரையின் அமைப்புப் பக்கத்தில் கெயின் அளவை, அதாவது பிழையைக் கண்டால் எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற அளவை, படிப்படியாகக் குறைத்தேன். கெயின் குறையக் குறைய நெளிவு மெதுவாயிற்றே தவிர நிற்கவில்லை. கருவியை விற்றவர்களிடம் கேட்டபோது மென்பொருளைப் புதுப்பிக்கச் சொன்னார்கள். புதுப்பித்தேன், பயன் இல்லை. இப்படியே இரண்டு வார இறுதிகள் கழிந்தன.

பக்கத்து ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) விமானம் கட்டிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், ஜிபிஎஸ் தடத்தை, அதாவது தரைக்கு மேல் விமானம் செல்லும் பாதையைப் பின்பற்றச் சொன்னாலும் இப்படித்தான் ஆடுகிறதா என்று கேட்டார். இல்லை, அப்போது கோடு கிழித்தாற்போல் போகிறது என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. இரண்டு நிலைகளிலும் செர்வோ ஒன்றுதான், கெயினும் இணைப்புகளும் அவையேதான். மாறுவது உள்ளே வரும் தகவல் மட்டுமே. தட நிலையில் அது ஜிபிஎஸ்ஸிலிருந்து வருகிறது, ஹெடிங் நிலையில் புவிக் காந்தத்தைக் கொண்டு மூக்கின் திசையை அறியும் காந்தமானியிலிருந்து வருகிறது. நான் இத்தனை நாளும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த கையைக் குடைந்துகொண்டிருந்தேனே ஒழிய, கட்டளை எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை.

உண்மையில் திரை இதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அதன் மூலையில் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் சிறிய அம்பு ஒன்று இருக்கும். காற்றை அளப்பதற்கென்று விமானத்தில் தனிக் கருவி எதுவும் கிடையாது. ஹெடிங்கையும் காற்றூடான வேகத்தையும் ஒருபுறம் வைத்து, ஜிபிஎஸ் தரும் தடத்தையும் தரை வேகத்தையும் மறுபுறம் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே திரை காற்று என்று கணக்கிடுகிறது. ஆகவே ஹெடிங் பிழையானால் இல்லாத காற்று அங்கே வீசத் தொடங்கும். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் பறக்கும்போது 6 பாகைப் பிழை இருந்தால், ஏறத்தாழ 16 நாட் குறுக்குக் காற்று திரையில் முளைத்துவிடும்.

எனக்குத் தெரிந்ததும் அதே எண்தான். வடக்கே போனபோது மேற்கிலிருந்து 16 நாட், தெற்கே திரும்பி வந்தபோதும் மேற்கிலிருந்து 16 நாட். இரண்டு எதிர்த் திசைகளிலும் ஒரே காற்றைக் காட்டும் அம்பை யார்தான் சந்தேகிப்பார்கள்? ஆல்டமான்ட் குன்றுகளில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே கடலிலிருந்து வரும் மேற்குக் காற்றை நம்பித்தானே. ஆனால் கிழக்கே திரும்பியதும் அம்பு காணாமல் போனது. மேற்குக் காற்று உண்மையாயிருந்தால் முதுகில் தள்ளித் தரை வேகத்தை 166 நாட் ஆக்கியிருக்க வேண்டும். அதுவோ 150-லேயே நின்றது. விமானத்தோடு சேர்ந்து திரும்பும் ஒரு காந்தப் புலம், அதாவது விமானத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்று, ஏற்படுத்தும் பிழை இப்படித்தான் இருக்கும். சில திசைகளில் உச்சத்துக்குப் போகும், அவற்றுக்குச் செங்குத்தான திசைகளில் மறைந்துவிடும், எதிர்த் திசைகளில் குறி மாறி மெய்யான காற்றைப் போலவே வேடம் போடும்.

காந்தமானியை நான் இடது இறக்கையின் நுனியில் வைத்திருந்தேன். எஞ்சினிலிருந்தும் மின் கருவிகளிலிருந்தும் தொலைவில் இருக்கட்டும் என்பதே எண்ணம். விமானத்தை ஹேங்கரிலிருந்து தள்ளிக்கொண்டு போய் வெளியில் வடக்கு நோக்கி நிறுத்தி, எஞ்சினை இயக்காமல், திரையை மட்டும் உயிர்ப்பித்து, கட்டுப்பாட்டுக் கோலை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அசைத்தேன். அசையாமல் நின்ற விமானத்தின் ஹெடிங் 4 பாகை மாறியது. ஆர்வி-7 எய்லரானின் முன் விளிம்புக்குள் எடைச் சமநிலைக்காகக் கால்வனைஸ் செய்த இரும்புக் குழாய் ஒன்று செருகப்பட்டிருக்கும். அதைச் செருகியவனே நான்தான். எய்லரான் அசையும்போதெல்லாம் அந்த இரும்பும் காந்தமானியின் அருகில் அசைந்திருக்கிறது. ஆட்டோபைலட் திருத்தத்துக்காக எய்லரானை அசைக்க, அந்த அசைவே ஹெடிங்கைப் பொய்யாக மாற்ற, அந்தப் பொய்க்கும் ஒரு திருத்தம் தேவைப்பட, தன் வாலைத் தானே துரத்தும் நாயைப்போல அது சுழன்றிருக்கிறது. நெளிவுக்கு விடை கிடைத்தது.

பொய்க் காற்றுக்கு விடை லேண்டிங் லைட்டில் இருந்தது. மற்ற விமானிகளின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகப் பகலிலும் அதை எரியவிட்டே பறப்பேன். சுவிட்சைப் போட்டதும் ஹெடிங் 6 பாகை துள்ளியது. அது 55 வாட் ஹாலஜன் விளக்கு, சுமார் 4.5 ஆம்பியர் இழுக்கும். அதற்கு ஒரே ஒரு கம்பியை, காந்தமானிக்குக் கீழே 30 சென்டிமீட்டரில், இறக்கை நுனியின் முன்புறம் நோக்கிக் கொண்டுபோயிருந்தேன். திரும்பும் மின்னோட்டத்துக்கு அலுமினிய உடலையே நம்பியிருந்தேன். கணக்குப் போட்டால் அந்தக் கம்பியின் புலம் அங்கே 3 மைக்ரோ டெஸ்லா வருகிறது. புவிக் காந்தத்தின் கிடைக் கூறு இந்தப் பகுதியில் ஏறத்தாழ 23 மைக்ரோ டெஸ்லாதான். 7 பாகை வரை விலகுவதற்கு அது போதும். போகும் கம்பியையும் வரும் கம்பியையும் முறுக்கி ஓட்டியிருந்தால் இரண்டின் புலமும் ஒன்றையொன்று அழித்திருக்கும்.

காந்தமானியைப் பெட்டிகள் வைக்கும் இடத்துக்குப் பின்னால், உடலின் வால் பகுதிக்கு மாற்றினேன். அங்கேயும் வாலிலுள்ள திசைதிருப்பும் பலகையான ரடரை இழுக்கும் எஃகுக் கேபிள்கள் ஓடுகின்றன. மூக்கை ஏற்றி இறக்கும் செர்வோவின் மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. எனவே இம்முறை துளை போடுவதற்கு முன், கருவியை ஒரு மரக்குச்சியில் நாடாவால் கட்டிப் பல இடங்களில் பிடித்துப் பார்த்தேன். ஹேங்கர் நண்பர் உள்ளே அமர்ந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக் கோலையும் பெடல்களையும் அசைத்தார். எண் அசையாத இடம் கிடைத்த பிறகே அலுமினியத் தட்டு அடித்துப் பித்தளைத் திருகாணிகளால் பொருத்தினேன். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளும் ஹேங்கர்களின் இரும்பும் கெடுக்காத இடத்தில், எஞ்சின் ஓட ஓட, விமானத்தை முழு வட்டம் சுற்றி அளவுதிருத்தமும் செய்தேன்.

திரையில் வேறொரு குறையும் இருந்தது: வழிக்கோடு சில நொடிகள் மறைந்து மீண்டும் வரும். ஜிபிஎஸ்ஸும் திரையும் வேறுவேறு பாட் வேகத்தில் (தகவல் அனுப்பும் வேகத்தில்) பேசுகின்றனவோ என்று நினைத்தேன். அப்படியானால் கோடு ஒருபோதும் வந்திருக்காது; விட்டுவிட்டு வருவது இணைப்பின் குணம். பல பின்கள் கொண்ட டி-சப் இணைப்பானின் கம்பிகளை ஒவ்வொன்றாக மெல்ல இழுத்தபோது, ஒரு பின் பூட்டிக்கொள்ளாமல் கையோடு வந்தது. ஐந்து நிமிட வேலை.

அடுத்த சனிக்கிழமை நான்கு திசைகளிலும் பறந்து பார்த்தேன். வடமேற்கிலிருந்து 7 நாட் காற்று என்று தெற்கைத் தவிர மற்ற மூன்றிலும் அம்பு ஒரே மாதிரி காட்டியது. விளக்கைப் போட்டாலும் மாறவில்லை. ஹெடிங் நிலையில் இறக்கைகள் ஆடவில்லை. தெற்கு நோக்கும்போது மட்டும் 2 பாகைப் பிழை மிச்சம் இருக்கிறது. அதை அப்படியே பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கெயினைப் பழைய அளவுக்கு ஏற்றிவிட்டேன். இறக்கை நுனியில் இருந்த பழைய தாங்கியைக் கழற்ற ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுக்க வேண்டும் என்பதால் அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.