மாட்டுக்குக் குடை பிடித்தவர்

வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, மச்சை ஒழித்துக் கொடு என்று அம்மா ஒரு வாரமாக நச்சரித்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. செங்கோட்டையில் எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. மச்சில் உடைந்த தொட்டில் கம்பு, ஈயம் போன பித்தளைப் பாத்திரங்கள், யாருடையது என்றே தெரியாத ஒற்றைக் குதிரை பொம்மை. இவற்றுக்கு அடியில் ஆச்சியின் டிரங்குப் பெட்டி.

பெட்டி நிறைய பைண்டு புத்தகங்கள். பத்திரிகையில் வரும் தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு போட்டு வைப்பது அந்தக் காலத்து வீடுகளில் ஒரு மதம் மாதிரி. ஆச்சி அதில் தீவிரவாதி. கதை நடுவில் இரண்டு வாரம் விட்டுப்போயிருந்தால் அடுத்த தெருவில் கடன் வாங்கி, திருப்பிக் கொடுக்காமல் பைண்டு போட்டுவிடுவாள்.

அப்படி ஒரு பைண்டின் முன்னட்டையில், ஏதோ பத்திரிகையின் வண்ண அட்டையை ஒட்டியிருந்தார்கள். பத்திரிகையின் பெயர் இருந்த மேல்பக்கம் கிழிந்து போயிருந்தது. மூலையில் ‘அணா’ என்ற எழுத்து மட்டும் தப்பியிருந்தது. எத்தனை அணா என்பதைப் பூச்சி தின்றுவிட்டது.

படம் இதுதான். கொட்டுகிற மழை. நடுவில் ஒரு பசு. அதன் பக்கத்தில் முண்டாசு கட்டிய, தொப்பையும் மீசையுமான ஓர் ஆள். கையில் விரித்த குடை. ஆனால் குடையைப் பசுவின் முதுகுக்கு மேலே பிடித்திருக்கிறார், அவரோ தொப்பலாக நனைகிறார். வாசற்படியில் ஒரு பெண் கையில் செம்போடு நிற்கிறாள். பின்னால் நீலமாக ஒரு மலை.

துடைத்துத் திண்ணையில் வைத்தேன். அங்கேதான் தப்புச் செய்தேன். திண்ணையில் மாமா இருந்தார்.

மாமா ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் குறைந்தது முக்கால் மணி நேரத்துக்கு யாரும் எழுந்திரிக்க முடியாது.

“இது சாதாரணப் படம் இல்லடே” என்றார். “1906-லயே பாரதி ‘இந்தியா’ பத்திரிகையில முதல் பக்கத்துல கார்ட்டூன் போட்டாரு. வாயால சொல்ல முடியாததப் படத்தால சொல்லுதது. 1910-ல வெள்ளக்காரன் பத்திரிகைச் சட்டம் கொண்டுவந்தான். அவனுக்குப் புரியாம, நமக்குப் புரியுத மாதிரி படம் போடணும். அந்தப் பரம்பரைடே இது.”

“வெள்ளைக்காரன் போனப்புறம் வந்த அட்டை மாதிரி இருக்கே மாமா” என்றேன்.

“அதான் விசயமே. ‘அணா’ன்னு போட்டிருக்கா? நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அப்ப இது அதுக்கு முந்தி. அதுக்குக் கொஞ்சம் முந்தி நம்ம ஊர்ல என்ன நடந்தது?”

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் கணக்கில் இருந்த ஊர். அன்றைக்குத்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. தென்காசிப் பக்கம் பிரானூரை இன்றும் ‘பார்டர்’ என்றுதான் சொல்கிறோம். உண்மையான எல்லை மேற்கே புளியரை தாண்டிப் போய் எழுபது வருஷம் ஆகப்போகிறது. பார்டரை நம்பி புரோட்டாக் கடை போட்டவர்களிடம் இனிமேல் போய் இடம் மாற்றச் சொல்ல முடியுமா? ஆச்சியும் அப்படித்தான். ஒரு ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசுக் கணக்கைக் கடைசி வரை விடவில்லை.

மாமா தொடர்ந்தார். பசு, தமிழ் மண். குடை, ராஜாவின் வெண்கொற்றக்குடை. ராஜாங்கம் மண்ணுக்கு மட்டும் குடை பிடிக்கிறது, குடியானவன் நனைகிறான். வாசலில் பூரணகும்பத்தோடு காத்திருப்பது தமிழ்த்தாய்.

“பூரணகும்பத்துல மாவிலை, தேங்கா எல்லாம் இருக்குமே மாமா. இது வெறும் செம்புல்லா?”

“ஓவியன் சூசகமா விட்டிருக்கான்” என்றார்.

இதற்குள் புனலூர் சித்தப்பா உள்ளேயிருந்து வந்தார். கல்யாணமாகிக் கேரளத்தில் அங்கேயே தங்கிவிட்டவர். முப்பது வருஷத்தில் தமிழ் அவரிடம் கொஞ்சம் வாடகைக்கு இருப்பது போல ஆகிவிட்டது. படத்தைப் பார்த்ததும், “எந்தா மச்சான் இது, மாவேலியல்லே!” என்றார்.

“மாவேலியா? மகாபலி ராஜாவா?”

“தொப்பை இருக்கு. மீசை இருக்கு. குடை இருக்கு. ஓணத்துக்கு வேற யார் வருவா?”

“கிரீடம் எங்க மாப்ளே?”

“மழையில கிரீடம் நனைஞ்சா கறுத்துப் போகும். கழட்டி வெச்சிட்டுத் துண்டு கட்டியிருக்கார். அதுவுமில்லாம பசு எந்தப் பக்கம் பாக்குது? மேற்கே. எங்க பக்கம்.”

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “படத்துல இடது கைப் பக்கம்லாம் மேற்குன்னு உமக்கு எவன்வே சொன்னான்?”

“மேப்ல அப்படித்தானே மச்சான்.”

“இது மேப் இல்ல, மாடு.”

நான் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். எனக்கும் நாலு வார்த்தை சொல்ல ஆசை இருக்காதா? அந்தத் தொப்பைக்காரரைச் சுற்றிச் சிவப்பாக ஒரு நிழல் ஓடியது. அதை மாமா ‘அடிமைப்பட்ட ஆன்மா’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு அது பாதாளத்திலிருந்து வந்த சூடு. நான் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து காட்டினேன். வண்ணப்படம் என்பது மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று தனித்தனி பிளாக்கில் ஒன்றன் மேல் ஒன்றாக அடிப்பது. எல்லாம் சின்னச் சின்னப் புள்ளிகள். காகிதம் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஒரு நிறம் கோட்டைத் தாண்டி வெளியே வந்து நிற்கும். ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்போம். பசுவுக்கும் அதே சிவப்பு நிழல் இருக்கிறது, குடைக்கும் இருக்கிறது, பாருங்கள் என்றேன்.

“குடைக்கும் ஆன்மா இருக்கு” என்றார் மாமா.

அப்புறம் பசுவின் திமில் பக்கம் பழுப்பாக ஒரு தடம், ஒரு சுழியும் ஒரு வாலுமாக. மாமா அதை விரலால் தடவி, குரலைத் தாழ்த்தி, “சங்குடே” என்றார். இந்த ஓர் இடத்தில் மட்டும் சித்தப்பாவும் ஒத்துக்கொண்டார். திருவிதாங்கூர் சங்கேதான். இரண்டு பேரும் கைகொடுக்காத குறை. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “அது உங்க ஆச்சி படிச்ச எடத்துக்கு அடையாளமா ஊக்கு குத்தி வச்சது. துருப்பிடிச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

சாயங்காலம் பால்கார அண்ணாச்சி வந்தார். அம்மா பாத்திரம் எடுத்து வரும் வரை திண்ணையில் கிடந்ததை எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. முகம் மாறிவிட்டது.

“அந்தக் காலத்துலயே எங்களக் கிண்டல் பண்ணிருக்கானுவளா?” என்றார்.

“யாரைக் கிண்டல் பண்ணியிருக்காங்க?” என்றார் மாமா.

“பால்காரனத்தான். வேற என்ன? மாடு இருக்கு, வீட்டம்மா செம்போட நிக்கா, இவன் மாட்டுக்குக் குடை புடிக்கான். பால்ல தண்ணி கலக்கக் கூடாதுன்னு சொல்லிருப்பா. மழைத்தண்ணி விழுந்துராம புடிக்கான்.”

திண்ணையில் சத்தமே இல்லை. சித்தப்பாதான் முதலில் சமாளித்து, “அது ஓர் அர்த்தம்” என்றார். மாமா, “பாமரப் பார்வை” என்றார். நல்லவேளை, அண்ணாச்சி அதற்குள் பால் அளக்கப் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பத்திரிகை அட்டையிலேயே சிரிப்புப் படம் போடுவது அந்த நாளில் சகஜம். ஆனந்த விகடனில் அது ஒரு வழக்கமாகவே இருந்தது. படத்துக்குக் கீழே பேச்சு இரண்டு வரி இருக்கும். இந்த அட்டையிலோ படம் பைண்டின் ஓரம் வரை வந்து நின்றுவிட்டது. பைண்டு போட்டவர் மிச்சத்தை வெட்டியிருக்க மாட்டார், உள்பக்கமாக மடித்து ஒட்டி, மேலே வெள்ளைத்தாள் ஒட்டியிருப்பார்.

மறுநாள் காலை இட்லிப் பானை ஆவியில் பைண்டின் ஓரத்தைக் காட்டினேன். அந்தக் காலத்துக் கஞ்சிப் பசை, ஐந்து நிமிஷத்தில் இளகிவிட்டது. ஆபீசில் பென்ஷன் தாள் பிரிப்பதைப் பார்க்கிறவர்கள் போல மாமாவும் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் நின்றார்கள். வெள்ளைத்தாளை உரித்தேன். கீழே மடிந்திருந்த பட்டையில் பழைய அச்செழுத்து:

“என்னப்பா, மாட்டுக்குக் குடை பிடிக்கிறாய்?”

“பாலில் தண்ணீர் சேரக்கூடாது என்று நேற்று உத்தரவு போட்டீர்களே, அம்மா!”

நான் சிரித்தேன். உண்மையைச் சொன்னால் பெரிய ஜோக் ஒன்றும் இல்லை, ஆனால் ஒரு நாள் முழுக்கத் தமிழ்த்தாயாக நின்ற அம்மாள் பால் வாங்க வந்தவள் என்று ஆனதும் அடக்க முடியவில்லை. சித்தப்பா, “மாவேலி நாட்டில் கள்ளமும் இல்லை, சதியும் இல்லைன்னு சொல்வாங்க. அதனால இது மாவேலி இல்லை” என்று கௌரவமாகப் பின்வாங்கினார்.

மாமா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியைத் தேடினார். “உத்தரவுன்னு போட்டிருக்கான் பாத்தியா? அது அரசாங்க வார்த்தைடே” என்றார். நான் பைண்டை எடுத்துக்கொண்டு மச்சுக்கு ஏறிவிட்டேன்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே குற்றாலத்துப் பக்கமிருந்து நல்ல சாரல். சாயங்காலப் பாலை அம்மா அடுப்பில் வைத்தாள். பொங்கவே நேரமாயிற்று, பொங்கினதும் ஆடை கட்டவில்லை. மறுநாள் அண்ணாச்சி வந்ததும் கேட்டுவிட்டாள்.

அண்ணாச்சி அளந்து ஊற்றிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:

“எங்க மாட்டுக்குக் குடை இல்லையேக்கா.”